கை பேசும்போது வாயை மூடாதீர்கள்

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு குனிகிறார். இலைக்குக் குறுக்கே ஒரு கை நீள்கிறது. "போதும் தம்பி, போதும்" என்று வாயும் சொல்கிறது, ஆனால் மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழுவதில்லை. நீண்ட கையைப் பார்த்துத்தான் கரண்டி நிற்கிறது. இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினால் கொஞ்சமாகப் போடுவார், கையை எடுத்துவிட்டால் தாராளமாக ஊற்றுவார். இதை யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. செட்டிநாட்டில் கைப்பேச்சு புதிதாக இறக்குமதி ஆக வேண்டிய சரக்கு இல்லை.

ஆனால் பந்தியில் எழும் கை தானாக எழுவது. இங்கே எழுதப்போவது தெரிந்து, திட்டமிட்டு எழுப்பும் கையைப் பற்றி. பேச்சு தாமதமாகும் பிள்ளை, காது மந்தமாகிப்போன ஐயா, பக்கவாதம் வந்து சொல் கிடைக்காமல் தவிக்கிற அப்பத்தா என்று வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இவர்களிடம் பேசும்போது கையையும் சேர்த்துக்கொள்ள ஒரு முறை உண்டு. ஒரு வரியில் சொன்னால், முழு வாக்கியத்தையும் வாயால் சொல்ல வேண்டும், அதில் முக்கியமான ஒரு சொல்லுக்கு மட்டும் கை வர வேண்டும். இதில் எந்தப் பாதியை விட்டாலும் முறை கெட்டுப்போகும்.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுப் பயிற்சியாளர் இதை ஒழுங்குபடுத்தினார். காது கேளாமையோடு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் இருந்த பெரியவர்களுக்காகத் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு மேக்கடன் என்று பெயர் பெற்றது. பிரிட்டிஷ் சைகை மொழியிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார்கள், வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே பேசினார்கள். டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் பேச்சு தாமதமாகும் குழந்தைகளுக்கும் இன்று பல நாடுகளில் இந்த வழியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தக் கைகளை நாம் அப்படியே எடுக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டியது முறையை மட்டும்தான்.

பேசுகிறவனின் கையை ஆராய்ந்தவர்கள் (ஆடம் கெண்டன், டேவிட் மெக்நீல் இருவரும் இதில் முன்னோடிகள்) ஒரு கையசைவை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். கை மேலே எழுவது, பொருளைக் காட்டும் வீச்சு, பிறகு மடிக்குத் திரும்புவது. இதில் நடுவில் வருகிற வீச்சுதான் சங்கதி. இயல்பாகப் பேசும்போது அந்த வீச்சு உரிய சொல்லோடு கூடவே விழும், இல்லை ஒரு கணம் முந்தி விழும். பிந்துவது அபூர்வம். பிறவியிலேயே பார்வையற்றவர்கள்கூட, எதிரில் இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தும், பேசும்போது கையை அசைக்கிறார்கள் என்று 1998இல் ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, கை என்பது பேச்சுக்கு மேலே பூசிய அலங்காரம் அல்ல. இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

திட்டமிட்டுக் கை காட்டும்போது பெரியவர்கள் செய்கிற முதல் கோளாறு இந்த நேரக் கணக்கில்தான் வருகிறது. "சாப்பிடு" என்று சொல்லி முடித்த பிறகு, அடடா என்று நினைவு வந்து கையைக் காட்டுவார்கள். பிள்ளைக்குச் சொல் தனி, கை தனி என்று ஆகிவிடுகிறது. வாக்கியத்தைத் தொடங்கும்போதே கை எழும்பியிருக்க வேண்டும்.

வீடு செய்கிற சதி

நம் பெரிய வீடுகள் பார்க்க அழகு, பேச்சுக்கு எதிரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான மச்சு. எல்லாமே வழுவழுப்பு, எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பட்டாலைக் கூடத்தில் ஒருவர் பேசினால் ஒரு சொல்லின் உயிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. க, ட, த, ப போன்ற வல்லின ஒலிகள் குறுகியவை, வலுக்குறைந்தவை. அவைதான் முதலில் அமுங்கிப்போகின்றன. நல்ல காதுள்ளவர் சமாளித்துக்கொள்வார். காது மந்தமானவருக்கும், சொற்களை இன்னும் பிரித்தறியப் பழகாத சின்னப் பிள்ளைக்கும் அது வெறும் இரைச்சல்.

ஜமுக்காளம் விரிப்பது, பாய் போடுவது, சன்னலுக்குக் கனமான திரை போடுவது எல்லாம் ஓரளவு உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது கிட்டப் போய்ப் பேசுவது. ஒரு கை எட்டும் தூரம், அதாவது ஒரு மீட்டருக்குள். இரண்டாங்கட்டில் நின்றுகொண்டு முகப்பில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசும் பழக்கத்தை இவர்கள் விஷயத்திலாவது விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வளவு என்கிற முற்றத்தின் நடுவே திறந்த வானம், சுற்றிலும் நிழல். வளவுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் ஒரு கரிய உருவம். வாயும் தெரியாது, கையும் தெரியாது. இடத்தை மாற்றி, உங்கள் முகம் வளவைப் பார்க்க நில்லுங்கள். அவர் முதுகுதான் வெளிச்சத்தின் பக்கம் இருக்க வேண்டும். மாலையானால் விளக்கு உங்கள் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், தலைக்குப் பின்னால் வேண்டாம். கண் மங்கியவர்களிடம் பேசும்போது உடையைக்கூடக் கவனிக்கலாம். அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு முன்னால் கை அசைந்தால் கட்டத்தில் கை தொலைந்துபோகும். டிவியில் சைகை மொழிபெயர்ப்பவர்கள் ஒற்றை நிறத்தில் உடுத்துவது இதற்காகத்தான்.

கைக்கு முன் காது

பேச்சு வராத பிள்ளைக்குக் கையைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் காதைப் பரிசோதிக்க வேண்டும். "கூப்பிட்டா திரும்புறானே, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்பது ஆதாரம் ஆகாது. சில்வர் தட்டு விழுந்த சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஓஏஇ, பெரா என்று இரண்டு பரிசோதனைகள் உண்டு. வலி கிடையாது, பிள்ளை தூங்கும்போதே செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கலாம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன, 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வந்தவை. அங்கே பேச்சுப் பயிற்சிக்கும் வழிகாட்டுவார்கள்.

எப்போது போவது? ஒரு வயதை ஒட்டிப் பிள்ளை விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது இருக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும், "பால் வேணும்", "ஆத்தா வா" என்பது போல. இல்லையென்றால் காட்டிவிடுவது நல்லது. "அவுக அப்பச்சியும் மூணு வயசுலதான் பேசுனாக" என்று எல்லா வீட்டிலும் ஒரு ஆயா, அதாவது பாட்டி, சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக ஒன்றரை வருஷத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கழிக்க வேண்டியதில்லை.

அதே ஆயா இன்னொன்றும் சொல்வார்: "கையைக் காட்டப் பழக்கினா வாயே தெறக்க மாட்டான்." பயம் நியாயமானது, ஆனால் நடப்பது அப்படி இல்லை. சைகை, படம், கருவி எனப் பேச்சுக்குத் துணையாக எதையாவது பயன்படுத்தியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2006இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. நாக்கையும் உதட்டையும் மூச்சையும் ஒரே நேரத்தில் இணைப்பதைவிடக் கையை ஆட்டுவது பிள்ளைக்கு எளிது. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்ததும் கத்தி அழுவது குறையும், மனிதர்களின் முகத்தைப் பார்ப்பது கூடும். பேச்சு அங்கேதான் ஊன்றுகிறது.

எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. நிறங்கள் வேண்டாம், அ ஆ வேண்டாம், "நன்றி"யும் "வணக்க"மும் வேண்டாம். அவை பெரியவர்களுக்குப் பெருமை தரும் சொற்கள், பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது விரும்புகிற விஷயம் எதுவோ அதை எடுங்கள். தண்ணி, பால், சாப்பாடு, தூக்கு, வா, இன்னும், வேணாம், முடிஞ்சது. மொத்தம் எட்டுக்கு மேல் போக வேண்டாம், அதிலும் முதல் வாரத்துக்கு மூன்று. "வேணாம்" கட்டாயம் இருக்கட்டும். மறுக்கத் தெரியாத பிள்ளைதான் தட்டைத் தள்ளிவிடும். "இன்னும்" என்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் அதையே காட்டத் தொடங்கும். ஆகவே அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எடுப்பது நல்லது.

தேங்குழல், சீயம், அதிரசம், மனகோலம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கை கண்டுபிடிக்க ஆசை வரும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள், பலகாரத்துக்கு ஒரே கை போதும். பிள்ளை வெள்ளைப் பணியாரம் என்றால் உயிரை விடும் என்றால் அதற்கு மட்டும் ஒன்று.

கைகளைப் புதிதாகச் செய்யத் தேவையில்லை, வீட்டில் ஏற்கெனவே இருப்பதையே எடுக்கலாம். சமையல்காரரிலிருந்து பக்கத்து வீட்டு ஆச்சி வரை எல்லோருக்கும் புரியும் என்பது இதன் பெரிய லாபம். சாப்பாடு என்றால் ஐந்து விரலையும் குவித்து வாயருகே இரண்டு தடவை. வா என்றால் உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை உள்ளே இழுப்பது. முடிஞ்சது என்றால் இரண்டு கையையும் தூசி தட்டுவதுபோல் தட்டிக்கொள்வது. இல்லை என்றால் விரல்களை விரித்து மணிக்கட்டைத் திருப்புவது. தூக்கம் என்றால் கன்னத்தில் கை. பாலுக்கு மாட்டு மடியைப் பிடித்துக் கறப்பதுபோல் விரல்களை மூடித் திறக்கலாம். தண்ணிக்குக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டுவது கைவசம் இருக்கிறது, ஆனால் ஊரில் அதற்கு வேறு பொருளும் இருக்கிறது. கல்யாண வீட்டில் உங்கள் மூன்று வயதுப் பிள்ளை அதைக் காட்டிக்கொண்டு திரிந்தால் சிரிப்பார்கள். டம்ளரைப் பிடித்த மாதிரி கையை வளைத்து, அண்ணாந்து ஊற்றுவதுபோல் வாய்க்கு மேலே சாய்த்துவிடுங்கள், தீர்ந்தது.

செய்முறை இதுதான். பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், தரையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பிள்ளை உங்களைப் பார்க்கும்வரை காத்திருங்கள். தாடையைப் பிடித்துத் திருப்பக் கூடாது. பார்க்கவில்லையென்றால் டம்ளரைக் கொண்டுபோய் உங்கள் வாய்க்கு அருகே வையுங்கள், பார்வை தானாக வரும். "இந்தா ராசா, தண்ணி குடிக்கிறியா?" என்று முழுதாக, இயல்பான வேகத்தைவிடச் சற்றே நிதானமாகச் சொல்லுங்கள். "தண்ணி"யில் கை. கையை உடனே இறக்காமல் ஒரு நொடி அப்படியே நிறுத்துங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஏழெட்டு வரை எண்ணுங்கள். எண்ணுவது கஷ்டமாக இருக்கும், ஐந்து வருவதற்குள் நாம் மறுபடி பேசிவிடுவோம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை யோசிக்கிறது. பார்வை, ஒரு முனகல், கையின் அரைகுறை அசைவு எது வந்தாலும் உடனே தண்ணீரைக் கொடுத்து, "தண்ணி" என்று கையோடு மறுபடி சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் கொடுங்கள். கை காட்டினால்தான் தண்ணீர் என்று பிடித்துவைப்பது கொடுமை. அதோடு அது வேலைக்கும் ஆகாது, பிள்ளைக்கு அந்தக் கையே வெறுத்துப்போகும்.

பிள்ளையின் கை உங்கள் கையைப்போல் இருக்காது. சைகை கற்கும் குழந்தைகளுக்குக் கை எந்த இடத்தில் படுகிறது என்பது முதலில் சரியாக வரும், விரல்களின் வடிவம் கடைசியில் வரும். ஐந்து விரலைக் குவிக்க முடியாமல் முஷ்டியை வாயில் இடித்துக்கொண்டால் அது "சாப்பாடு"தான். திருத்த வேண்டாம். அதன் கையைப் பிடித்து வளைத்துக் காட்டவும் வேண்டாம். உங்கள் கையைச் சரியாகக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும். இடக்கையால் காட்டினாலும் அப்படியே விடுங்கள்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "ஐயா கூட கொல்லைக்குப் போயி மாட்டைப் பாப்பமா?" என்று சொல்லும்போது "பாப்பமா" வருவதற்குள் பிள்ளையின் பார்வை உங்களிடம் வந்து சேர்ந்துவிடும். கடைசிச் சொல்லில் விழும் கைக்குப் பிறகு வேறு பேச்சு இல்லாததால் அது அழியாமல் நிற்கும். ஆகவே பெயர்ச்சொல்லுக்குக் கை காட்ட வேண்டியிருந்தாலும் வாக்கியத்தை அதற்கேற்பத் திருப்பிப் போடலாம்: "இந்தா, என்ன வந்திருக்கு பாரு, பால்!"

கெட்டுப்போகிற விதங்கள் பல. எல்லாச் சொல்லுக்கும் கை காட்டி வீட்டை நாடக மேடை ஆக்குவது ஒன்று. கை வந்ததும் வாய் நின்றுவிடுவது இன்னொன்று. அது இன்னும் மோசம், ஏனென்றால் பிள்ளைக்குக் காதில் விழ வேண்டிய தமிழே குறைந்துபோகிறது. உறவுக்காரர்கள் வந்ததும் "பால் எப்படிக் காட்டுவ, காட்டு, காட்டு" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். அம்மா ஒரு கை, அப்பத்தா வேறு கை, வேலைக்கு வருகிற அக்கா இன்னொரு கை என்று ஆவதுதான் கூட்டுக் குடும்பத்தில் அதிகம் நடப்பது. இதற்கு அடுப்படி வாசலில் எட்டுக் கைகளின் படத்தை ஒட்டிவைப்பதைவிட நல்ல மருந்து தெரியவில்லை. எல்லாவற்றையும்விடச் சேதம் செய்வது, பிள்ளை கை காட்டும்போது யாரும் பார்க்காமல் விடுவது. இரண்டு மூன்று தடவை பலிக்காத கையைப் பிள்ளை கைவிட்டுவிடும்.

ஆட்களுக்கும் ஒரு கை வேண்டும். ஐயாவுக்கு மூக்குக்கண்ணாடி, அயித்தைக்கு வளையல் என்று வைத்துக்கொள்ளலாம். மச்சம், நொண்டல், வழுக்கை இதையெல்லாம் அடையாளமாக எடுக்க வேண்டாம். பெரியவர்களை ஒற்றை விரலால் சுட்டிக் காட்டவும் பழக்க வேண்டாம். உள்ளங்கை மேலே பார்க்க, கை முழுவதையும் நீட்டிக் காட்டட்டும். அது பிள்ளைக்கு எளிதும்கூட.

சொல் தெளிவாக வரத் தொடங்கியதும் பிள்ளையே கையை விட்டுவிடும். "இனிமே கை காட்டக்கூடாது, வாயால சொல்லு" என்று அதிகாரம் செய்ய வேண்டியதில்லை. நீங்களும் அந்தச் சொல்லுக்குக் கையைக் குறைத்துக்கொண்டு புதிய சொல்லுக்குப் போகலாம்.

ஐயாவின் மாத்திரை

வயதானவர்களுக்குக் காது மந்தமாகும்போது மேல்சுருதி ஒலிகள் முதலில் போகின்றன. உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் மங்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீகன்னுதான் வெளங்கலை" என்று அவர்கள் சொல்வது துல்லியமான விவரணை. நாம் கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது, மெய்யொலி அப்படியே கிடக்கிறது. அதனால்தான் கத்துவது பலிப்பதில்லை, கோபம் மட்டும் மிஞ்சுகிறது.

உதட்டைப் பார்த்து ஊகிக்கலாமே என்றால் தமிழில் அதற்கும் பொறி இருக்கிறது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். ஒலியில்லாமல் கண்ணாடி முன் நின்று "மாமா", "பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பணமும் மணமும் அப்படித்தான், பாத்திரமும் மாத்திரையும் தொடக்கத்தில் அப்படித்தான். ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. இந்தக் குழப்பத்தை நீக்கவே 1966இல் அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியில் கார்னெட் என்பவர், உதட்டருகே கையை வைத்து ஒலிகளைப் பிரித்துக் காட்டும் ஒரு முறையை உருவாக்கினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அட்டையிலிருந்து கட்டைவிரலால் மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் விழவைப்பது போலக் காட்டினால் அது பாத்திரம் அல்ல என்று தெரிந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு ஆபத்தான இடம் இருக்கிறது. "சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை" என்று சொல்கிறோம். சொல்லோடு கையையும் காட்டினால் முதலில் சாப்பாட்டுக் கை, அடுத்து மாத்திரைக் கை வரும். நடுவில் இருக்கிற "முன்னாடி" அவர் காதில் விழவில்லை என்றால் அவர் பார்த்தது என்ன? முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை. நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர். சர்க்கரை நோய் மாத்திரைகளில் இந்த முன்பின் முக்கியம். வாக்கியத்தையே மாற்றிப் போட வேண்டும்: "முதல்ல மாத்திரை. அப்பறம் சாப்பாடு." கையும் அதே வரிசையில், இரண்டுக்கும் நடுவே சிறிது நிறுத்தி. பிறகு, "என்ன செய்யணும், சொல்லுங்க ஐயா" என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "வெளங்குச்சா?" என்று கேட்காதீர்கள், விளங்காவிட்டாலும் பெரியவர்கள் தலையாட்டிவிடுவார்கள். எண்ணிக்கையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. இரண்டு விரல் காட்டினால் இரண்டு மாத்திரையா, இரண்டு வேளையா? மாத்திரையைக் கையில் எடுத்து எண்ணிக் காட்டுங்கள். வேளையை வார்த்தையாலும், சூரியன் நிற்கும் திசையைக் கையால் காட்டியும் சொல்லுங்கள்.

மறுப்பும் கேள்வியும் தமிழில் வாலில் ஒளிந்திருப்பவை. "வந்துட்டாக", "வரலை", "வந்துட்டாகளா" மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லின் பின்பகுதியில், குரல் தணிந்துபோகும் இடத்தில் இருக்கிறது. ஆகவே எதற்குக் கை காட்டாவிட்டாலும் "இல்லை"க்கும் கேள்விக்கும் காட்ட வேண்டும். "இல்லை" என்றால் மணிக்கட்டைத் திருப்புவதோடு முகத்திலும் இல்லை என்பது தெரிய வேண்டும். கேள்வி என்றால் புருவம் உயர்ந்து, உள்ளங்கை மேலே திரும்ப வேண்டும். வாக்கியம் முடிந்த பிறகும் கை ஒரு நொடி அங்கேயே நிற்கட்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு

மொழியைக் கவனிக்கும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம். வலக்கையை இயக்குவதும் அதே பக்கம். அதனால் பேச்சு போகும்போது வலக்கையும் சேர்ந்து விழுந்துவிடுவது வழக்கம். மிஞ்சியிருப்பது இடக்கை. நம் வீடுகளில் இடக்கையை நீட்டிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று ஐம்பது அறுபது வருஷம் ஊறிப்போனவர் அப்பத்தா. கை காட்ட முடிந்தாலும் காட்டமாட்டார், அதிலும் மாப்பிள்ளை முன்னால் சுத்தமாகக் காட்டமாட்டார். இதை வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "எந்தக் கையா இருந்தா என்ன அப்பத்தா, காட்டுங்க." மாப்பிள்ளையே சொன்னால் இன்னும் நல்லது.

அவரிடம் கேட்கும்போது ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "காப்பியா பாலா" என்று சேர்த்துக் கேட்காமல், காப்பித் தம்ளரைக் காட்டி "காப்பி?" என்று கேட்டு நிறுத்துங்கள். தலையாட்டலை நம்ப வேண்டாம். நம்மூர்த் தலையாட்டல் ஆமாம் என்றும் பார்க்கலாம் என்றும் சரி விடு என்றும் பொருள்படும், பக்கவாதம் வந்தவருக்கு ஆமாமும் இல்லையும் மாறியும் வரும். கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், விரித்த கை என்றால் இல்லை என்று ஒன்றை நிலைப்படுத்திக்கொண்டு, பதில் தெரிந்த கேள்விகளில் முதலில் சோதித்துப் பாருங்கள். சிலருக்குக் கையசைவைத் திட்டமிடுவதே பாதிக்கப்பட்டிருக்கும். புரிந்துகொள்வார்கள், திருப்பிக் காட்ட வராது. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற வீடுகளில் இதெல்லாம் செல்போன் வழியாகவும் நடக்க வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் ஒரு கை போயிற்று, ஆகவே ஒரு செம்பில் சாய்த்து வையுங்கள். முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டாமல் தலை உச்சியிலிருந்து வயிறு வரை தெரியும்படி தள்ளி உட்காருங்கள். கை முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கட்டும், அதற்கு வெளியே போனால் படத்தில் வெட்டுப்படும். வேகமாக ஆட்டினால் மங்கலாகக் கோடுதான் தெரியும், நேரில் காட்டுவதில் பாதி வேகம் போதும். கேமராவை நோக்கி நீட்டும் கை பூதம்போல் பெரிதாகும், ஆகவே பக்கவாட்டில் அசையுங்கள்.

காது கேளாத பிள்ளை

இதுவரை சொன்னது எதுவும் சைகை மொழி அல்ல. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு எட்டுக் கையும் பேச்சும் என்று நிறுத்திவிடுவது பெரிய அநியாயம். இந்தியச் சைகை மொழி தனி இலக்கணம் உள்ள முழு மொழி. "எங்கே", "என்ன" போன்ற கேள்விச் சொற்கள் அதில் பொதுவாக வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். முகபாவமும், கை அசைகிற வெளியும்கூட இலக்கணத்தின் பகுதிகள். ஒரே நேரத்தில் தமிழைப் பேசிக்கொண்டு அதையும் முழுமையாகக் காட்ட முடியாது. முயன்றால் இரண்டும் உடையும், பெரும்பாலும் கைதான் முதலில் உடையும். கருவியோ அறுவைச் சிகிச்சையோ எது முடிவானாலும் அந்தப் பிள்ளைக்குத் தாமதமில்லாமல் ஒரு முழு மொழி கிடைக்க வேண்டும். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம், 2021இல் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அகராதி தொடக்கத்துக்கு உதவும், மொழியைக் கற்றுத் தருவது அதைப் பேசி வாழும் மனிதர்கள்தான். ஆகவே ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள காது கேளாதோர் சங்கத்தை விசாரியுங்கள்.

பேச்சு தாமதமாகும் பிள்ளை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ போகத் தொடங்கினால், அது காட்டுகிற கைகளை ஒவ்வொன்றாகச் செல்போனில் பிடித்து டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் காட்டுகிற கை அல்ல, பிள்ளை காட்டுகிற அரைகுறைக் கை. அதைத்தான் அவர்கள் அடையாளம் காண வேண்டும். சின்ன விரல் நீட்டினால் ஒன்றுக்கு என்பது டீச்சருக்குத் தெரியும், உங்கள் பிள்ளைக்கு அது தெரியுமா என்று முதல் நாளுக்கு முன்பே வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை கையைக் காட்டியதும் பேசாமல் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம், "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று.